சதயத்தில் அடைத்த வீடு

ரங்கசாமியின் லைன் வீடுகளில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குடிவருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது அதைத்தான். தண்ணீர், கரண்ட், அட்வான்ஸ் எல்லாம் அப்புறம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே, ரயில் பாதைக்கு மேற்கே, ஆறு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, மேலே சிமெண்ட் ஷீட். வரிசைக்கு எதிரே ரங்கசாமியின் மாடி வீடு. ஒரு காலத்தில் அதே மண்ணில் அவர் கூலிக்கு நாற்று நட்டவர். ஒவ்வொரு கல்லும் தன் கையால் வைத்தது என்பார். ஆணி அடித்தால் தன் முதுகில் இறங்குவது போலிருக்கும் என்பார்.

நாலாம் எண்ணில் ராபின் இருந்தான். மனைவி ஸ்நேகா, நாலு வயது மகள் ஜெபா. ராபின் வேதியியல் பட்டதாரி. சிப்காட்டில் பம்ப் உறுப்புகள் வார்க்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வார்ப்பின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பொடியில் சிவப்புக் கோடாக எழும்பி வரும். ஒரு நாளைக்கு இருநூறு வார்ப்பு. நகக்கண்ணில் ஏறிய சிவப்பு ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. ஒன்றில் ஓனரின் மகனுக்குக் கல்யாணம் என்றார்கள். ஒன்றில் கருவாட்டு நாற்றம் என்றார்கள். ஒன்றில் காரணம் சொல்லவில்லை, காலி செய்யத் தேதி மட்டும் சொன்னார்கள். ஸ்நேகாவிடம் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது. ஐந்து வீட்டிலும் அதை அரிசி டப்பாவின் மேல் சாய்த்தே வைத்திருந்தாள். செத்துப்போவதற்குள் ஒரு வீட்டிலாவது ஆணி அடித்து மாட்ட வேண்டும் என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை. நாலாம் நாள் காலை பரவாயில்லை என்றாள், லீவு போடாதே என்றாள். முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு ராபின் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஜெபா ஒரு நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தூங்குது. ஈ வருது, அதான்," என்றாள்.

ராபின் ஸ்நேகாவின் கையைத் தொட்டான். பிறகு அவளைத் தூக்கினான்.

ஐந்தாம் எண் கங்கம்மாதான் ஆட்டோ பிடித்தாள். கம்பெனி ஒன்றில் காண்டிராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள், புருஷன் இல்லாதவள், பாதித் தெலுங்கு. ஆட்டோவில் ஸ்நேகாவின் கால் அவள் மடியில் இருந்தது. பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். கவரைப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொண்டு போய்விடுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது தெருமுனையில் ரங்கசாமியின் மனைவி எல்லம்மா நின்றிருந்தாள். தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. கையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். ராபினைப் பார்க்கவில்லை. கங்கம்மாவைத்தான் கேட்டாள்.

"எங்க போச்சு உசுரு?"

ராபின் வாய் திறப்பதற்குள் கங்கம்மா சொல்லிவிட்டாள்.

"பாலத்தாண்ட. ஆட்டோல. ஊட்லருந்து கெளம்ப சொல்லோ மூச்சு நல்லாத்தான் இருந்துச்சி. நான்தான கால புட்ச்சிகினு இருந்தேன்."

"நல்ல வேள," என்றாள் எல்லம்மா. சொன்ன பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குச் சதய நட்சத்திரம். சதயத்தில் வீட்டுக்குள் உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். யாரும் குடியிருக்கக் கூடாது. சாயங்காலம் விளக்கு மட்டும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசலில் இன்னொரு உயிர் போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. எதிர் வீட்டில் எல்லம்மாவின் மருமகள் கவிப்பிரியா நாலு மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது.

வெளியே செத்த உடம்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதனால் தெருவிலேயே சாமியானா போட்டார்கள். துணியில் மழைத் தண்ணீர் தொப்பையாகத் தேங்கியது. ஒருவர் கழியால் குத்திக் குத்தி வடியவிட்டார். பாஸ்டர் குடைக்குள் நின்று ஜெபம் சொன்னார். நாலாம் எண் கதவு ஸ்நேகாவின் கால்மாட்டிலிருந்து பத்தடி.

அடக்கம் முடிந்த மறுநாள் குழாயடியில் கங்கம்மா அவனிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"உங்க சாமிக்கு இதெல்லாம் கெடையாது நைனா, தெரியும். ஆனா நெசத்த சொன்னா அன்னிக்கே பூட்டு போட்டுருப்பாங்க. புள்ளய வெச்சிகினு எங்க போவ? பாலத்தாண்டனு சொன்னனே, அத்த அப்டியே புட்ச்சிக்கோ. எவன் கேட்டாலும் அதான்."

ராபின் தலையாட்டினான். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

இறப்பைப் பதிவு செய்ய கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருந்தான். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, வழியிலா என்று அவர் கேட்டார். வழி என்றால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று இழுக்கும், புதைத்தும் ஆயிற்று என்றார். ராபின், வீட்டில் என்றான். உண்மையும் அதுதான். சில நாளில் சான்றிதழ் வந்தது. இறந்த இடம் என்பதற்கு நேரே கதவு எண் நாலு, தெருப் பெயர், ஊர்ப் பெயர். ஆதாரில் அவர்கள் இருவருக்கும் மூன்று வீட்டுக்கு முந்தைய விலாசம். ஓனர்கள் யாரும் விலாசத்துக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. கேஸ் கடையில் வாங்கும் சின்ன சிலிண்டர். கரண்ட் கார்டு ரங்கசாமி பெயரில். இந்த வீட்டில் அவர்கள் இருந்தார்கள் என்று சர்க்கார் எழுதிய காகிதம் அது ஒன்றுதான். அதை பைபிள் வைத்திருந்த பாலிதீன் கவருக்குள் மடித்து வைத்தான்.

ஸ்நேகாவின் அக்கா சோனியா ஆரணியிலிருந்து வந்திருந்தாள். கணவன் ஜோசப்புக்கு அங்கே விதைக்கடை. ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லை. போகும்போது ஜெபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"ஊடு ஒண்ணு நெலையா கீதுனு காட்டு தம்பி. நானே கொண்டாந்து உட்டுட்டுப் போறேன். வருஷத்துக்கு ஒரு ஊடு மார்ற ஆளு நீ. இவள வெச்சிகினு எங்கனு சுத்துவ?"

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ராபினுக்கும் அது தெரிந்தது.

ஞாயிறுதோறும் ஆரணிக்கு பஸ் ஏறினான். சோனியா மீன் குழம்பு வைப்பாள். ஜெபா அவன் நகத்துச் சிவப்பைச் சுரண்டுவாள். மூன்றாவது ஞாயிறு சோனியாவைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள். ஐந்தாவது ஞாயிறு அம்மா என்றாள். சோனியா ராபினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

கார்த்திகை பிறந்ததும் ரங்கசாமி வந்தார். குரல் தணிவாகத்தான் இருந்தது. ஃபேமிலி என்றுதானே வீட்டை விட்டேன், இப்போது நீ ஒற்றை ஆம்பிளை, மூன்றாம் எண்ணில் வயசுப் பெண்கள் இருக்கிறார்கள், தை பிறந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். குழந்தையைக் கூட்டி வருகிறேன் என்றான் ராபின். வரட்டும், வந்தால் பார்க்கலாம் என்றார் அவர். வீடு இருந்தால் குழந்தை வரும். குழந்தை வந்தால் வீடு இருக்கும். ராபின் மூன்று மாலைகள் சைக்கிளில் சுற்றிப் பார்த்தான். டு-லெட் பலகை தொங்கிய எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஃபேமிலியா? மனைவி இறந்துவிட்டாள் என்பான். ஐயோ பாவம் என்பார்கள். கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

கேன்டீனில் உப்புமாத் தட்டை வைத்துக்கொண்டு சந்திரமோகன் கேட்டான். மணவாள நகரிலிருந்து தினம் வருகிறவன், யூனியனில் கொஞ்சம் பழக்கம்.

"இன்னாடா, வேர்க்க வேர்க்க ஊடு தேடிகினு கீற?"

ராபின் சொன்னான்.

"படிச்சவன்தான நீ? சட்டம் கீதுப்பா. வாடகைக்குனு தனி ஆபீஸர் கீறாரு. அக்ரிமெண்ட் எழுதி பதிவு பண்ணணும். ஓனர் வராட்டி நீ தனியா போயி மனு குடுக்கலாம். அவுரு நெனச்ச நேரத்துல வெளில போன்னு சொல்ல முடியாது. தண்ணி, கரண்ட்டுல கை வெச்சா அதுக்கும் தனியா கேக்கலாம். நம்மாளுங்க எவனும் போறதில்ல. போனா ஓனர் கோச்சிப்பாரேனு பயம். ஏற்கெனவே தொரத்திகினு கீற ஆளு கோச்சிகினா இன்னா, கோச்சிக்காட்டி இன்னா?"

ராபின் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் போனான்.

அலுவலகத்தில் ஒரு பெண் குமாஸ்தா. பொறுமையாகக் கேட்டாள். ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதா? எழுதவில்லை. வாடகை ரசீது? கையில் கொடுப்பதுதான். கேஸ் புத்தகம்? இல்லை. வாக்காளர் அட்டை, ரேஷன்? பழைய விலாசம். அங்கே குடியிருப்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டுமே சார் என்றாள். ராபின் பாலிதீன் கவரைப் பிரித்தான்.

அவள் படித்தாள்.

"இது போதும் சார். மூணு ஜெராக்ஸ் எடுத்துனு வாங்க. ஒண்ணு ஃபைலுக்கு, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு நோட்டீஸோட எதிர்மனுதாரருக்கு."

எதிரே இருந்த கடையில் ஜெராக்ஸ் எடுத்தான். வரிசையில் நின்று கொடுத்தான். ஒரு நாளைக்கு இருநூறு வார்ப்பில் விரிசல் தேடுகிறவனுக்கு, மூன்றாவது நகல் யார் கைக்குப் போகும் என்பது கண்ணில் படவில்லை. வீட்டை நிறுத்திக்கொள்ள ஒரு காகிதம் கிடைத்ததே என்று மட்டும்தான் அப்போது இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஜெபாவுக்குப் பள்ளிக்கூடம் எது பக்கம் என்று யோசித்தான். ஸ்நேகா போன பிறகு அவன் நாளையைப் பற்றி யோசித்தது அன்றைக்குத்தான்.

மார்கழியில் பதிவுத் தபால் வந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து அவன் கேட்டைத் திறந்தபோது எதிர் வாசலில் கவிப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். வயிறு மேடாகத் தெரிந்தது. ரங்கசாமிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவர் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸைப் படித்து முடித்துவிட்டு கவிப்பிரியா அடுத்த தாளை எடுத்தாள்.

"இது டெத் சர்டிபிகேட் மாமா. அந்த அக்காவோடது. பேரு ஸ்நேகா. எறந்த தேதி... எறந்த எடம்..."

நிறுத்திவிட்டாள். கண் மட்டும் அந்த வரியில் திரும்பத் திரும்பப் போனது.

"எறந்த எடம் இன்னானு போட்டுக்கீது?" என்றார் ரங்கசாமி.

கவிப்பிரியா தாளை முறத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். நாலாம் எண் கதவைப் பார்த்தாள். கதவுக்கு முன்னால் சாப்பாட்டுப் பையோடு நின்ற ராபினைப் பார்த்தாள். வயிற்றை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ரங்கசாமி வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். முன்பெல்லாம் உள்ளே வந்து சுவரைத் தடவிப் பார்ப்பவர்.

"ஆட்டோலயா, ஊட்லயா ராபினு?"

"ஊட்லதாங்கய்யா."

"எப்போ?"

"தெரியல. நான் வர சொல்லோ கை சில்லுனு இருந்துச்சி."

ரங்கசாமி படியிலிருந்து ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

"நீ மனு போட்டதுக்கு நான் கோச்சிக்கல. படிச்ச புள்ள, சட்டம் கீது, போட்ட. ஆனா ரெண்டு மாசமா அந்தப் பொண்ண இந்தக் கதவுக்கு எதிர்ல குந்த வெச்சிட்டியே. தெனம் இங்கதான கோலம் போட்டுகினு இருந்துச்சி."

"எங்களுக்கு அடைப்புலாம் கெடையாதுங்கய்யா."

"உனுக்கு இல்லப்பா. ஊட்டுக்கு கீதே."



மறுநாள் காலையில் கவிப்பிரியாவைத் திருப்பாச்சூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கார் வைத்து அனுப்பினார்கள். கார் லைனைத் தாண்டும்போது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலு நாள் கழித்து கங்கம்மா வேலைக்குப் போகும் வழியில் அவனிடம் நின்றாள். ஓனரம்மா என் முகத்தில் விழிப்பதில்லை, குழாயில் குடம் வைத்தால் அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றாள். அப்புறம் சொன்னாள்:

"நான் போட்ட பொய்யி நல்லா நின்னுச்சே நைனா. காயிதம் போட்டு கவுத்துட்டியே."

தை கடைசியில் விசாரணை. ரங்கசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி கேட்டதற்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொன்னார். பையன் நல்ல பையன், வாடகை பாக்கி இல்லை, ஆனால் வீட்டை ஆறு மாதம் அடைக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு காரணம் சட்டத்தில் இல்லையே பெரியவரே என்றார் அதிகாரி. குரலில் கேலி இல்லை. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அதுவரை மனுதாரரை வெளியேற்றக் கூடாது, தண்ணீரும் மின்சாரமும் தடைபடக் கூடாது என்று உத்தரவானது. ரங்கசாமி தலையாட்டினார். திரும்பும் வழியில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். டிக்கெட்டை அவரே எடுத்தார்.

ஞாயிறன்று ராபின் உத்தரவை எடுத்துக்கொண்டு ஆரணிக்குப் போனான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். ஜெபாவுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை வாங்கியிருந்தான். சோனியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சகலை ஜோசப் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தான். மனுதாரர் குடியிருப்பது நிரூபணமாகிறது என்ற இடத்தில் நல்லது என்றான். அடுத்த பத்தியில் எதிர்மனுதாரரின் ஆட்சேபணையை எழுதியிருந்தார்கள். மனுதாரரின் மனைவி மேற்படி வீட்டிலேயே சதய நட்சத்திரத்தில் இறந்ததாகவும், வழக்கப்படி வீட்டை அடைக்க வேண்டியிருப்பதாகவும்.

ஜோசப்பின் குரல் இறங்கியது.

"பாலத்தாண்டனு சொன்னியே தம்பி," என்றாள் சோனியா.

"இல்ல அண்ணி. ஊட்லதான்."

"புள்ள எங்க இருந்துச்சி அப்போ?"

"பக்கத்துல. விசிறிகினு இருந்துச்சி."

சோனியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நாம வேதக்காரங்க. நட்சத்திரம் பாக்கறதில்ல. எல்லாம் தெரியும். ஆனா எந்தங்கச்சி கெடந்த எடத்துல, அந்தத் தரையில, அவள மறுபடியும் படுக்க வெக்கச் சொல்றியா? அந்த ஊட்டுக்கு அனுப்பமாட்டேன் தம்பி. வேற ஊடு பாரு."

"வேற ஊடு தரமாட்டாங்க அண்ணி. இதுதான் எழுதிக் குடுத்துக்கீறாங்க."

"அப்போ புள்ள இங்கியே இருக்கட்டும்."

உள்ளேயிருந்து ஜெபா, அம்மா யாரு வந்துருக்காங்க என்று கேட்டாள். சோனியா எழுந்து போனாள். ராபின் பையை நாற்காலியின் மேல் வைத்தான். உத்தரவை மடித்துக்கொண்டான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டான்.

அடுத்த ஞாயிறு ஒரு குட்டி யானை வண்டி லைனுக்குள் வந்து நின்றது. கட்டில் இல்லாததால் ஏற்ற அதிகமில்லை. பாய், பாத்திர மூட்டை, அரிசி டப்பா, சிலிண்டர். சத்தம் கேட்டு ரங்கசாமி வெளியே வந்தார்.

"இன்னாப்பா இது? ஆர்டர் உன் பக்கம் தான கீது?"

"ஆமாங்கய்யா."

"பின்ன? நான் எதுனா சொன்னனா?"

"இல்லீங்க. இனிமே தேவப்படல."

வண்டி எங்கே போகிறது என்று மட்டும் ரங்கசாமி கேட்டார். புது கும்மிடிப்பூண்டியில் காண்டிராக்ட் ஆட்கள் தங்கும் ஒரு கூடம், பன்னிரண்டு பேர் என்றான் ராபின். அங்கே ஃபேமிலியா என்று யாரும் கேட்கவில்லை.

எல்லம்மா ஒரு அகல் விளக்கும் சொம்பில் தண்ணீரும் கொண்டு வந்தாள். கூட்டிய தரையில் மறுபடியும் கூட்டினாள். இவ்வளவு நாள் ஆள் இருந்ததால் பழைய கணக்கு செல்லாது, பூட்டுகிற நாளிலிருந்துதான் ஆறு மாதம் என்று ஐயர் சொன்னாராம். மூலையில் விளக்கை வைத்துவிட்டு ராபினிடம் வந்தாள். துக்க வீட்டில் பேசுவது போலப் பேசினாள். துக்கம் நடந்த அன்று அவள் அப்படிப் பேசியிருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு போட்டோ எதுனா இருந்தா குடுத்துட்டுப் போப்பா. வெளக்கு வெக்க சொல்லோ மூஞ்சி தெரியணும்."

வண்டியில் ஏற்றிய மூட்டையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தான். கல்யாணத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி ஸ்டுடியோவில் எடுத்தது. எல்லம்மா அதைச் சுவரோரமாகச் சாய்த்துப் பார்த்தாள். நிற்கவில்லை, வழுக்கியது. ரங்கசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர் வீட்டுக்குப் போய் ஒரு சுத்தியலும் நாலங்குல ஆணியும் எடுத்து வந்தார்.

"அது பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும்ப்பா. ஆறு மாசம் யாரும் காலி பண்ணு கீலி பண்ணுனு கேக்கமாட்டோம்."

ராபின் வண்டியின் பின்னால் ஏறி சிலிண்டர் உருளாமல் காலால் அணைத்துக்கொண்டான். சுவர்க் கடிகாரம் அவன் மடியில் இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்ப, நாலாம் எண்ணுக்குள் ரங்கசாமி சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கினார். சிமெண்ட் பூச்சு கெட்டியாக இருந்தது. கேட்டைத் தாண்டி ரயில் பாதை வரைக்கும் அடி விழுவது கேட்டது.